ஹைட்ரஜன் வரட்டும்னு காத்திருக்கலாமா? மச்சினனுக்கு போட்டுக் காட்டின கணக்கு

போன ஞாயித்துக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்திருந்தான். நாமக்கல்ல மூணு லாரி வச்சு ஓட்டுறான், அது போக வீட்டுக்கு ஒரு கார் வாங்கணும்னு ஆறு மாசமா சொல்லிட்டே இருக்கான். எங்கிட்ட மூணு வருஷமா பேட்டரி கார் இருக்குறதால எது நல்லா இருக்கும்னு கேக்கத்தான் வந்தான்னு நெனச்சேன், ஆனா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேற ஒண்ணு கேட்டான். "மாமா, பேட்டரி எல்லாம் இன்னும் நாலு வருஷம்தானாமே, அதுக்கப்புறம் ஹைட்ரஜன்தானாமே, இப்ப பதினஞ்சு லட்சத்தை போட்டு வாங்கிட்டு நாளைக்கு இரும்புக் கடைக்குத்தான் போடணுமா?"

இதே கேள்வியை இந்த வருஷம் மட்டும் என்கிட்ட ஒரு இருபது பேராவது கேட்டிருப்பாங்க. யூட்யூப்ல ஒரு வீடியோ, வாட்ஸப்ல ஒரு ஃபார்வர்டு, அதுல "தண்ணியில ஓடும் கார்"னு தலைப்பு, அதைப் பாத்துட்டு நல்லா சம்பாதிக்கிற, விவரமான ஆளுங்களே வண்டி வாங்குறதை தள்ளிப் போடுறாங்க. அதனாலதான் மச்சினன்கிட்ட பேசினதை இங்க எழுதி வைக்கலாம்னு உக்காந்தேன், இனிமே கேக்குறவங்களுக்கு இந்த லிங்கை அனுப்பிடலாம்.

முதல்ல என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். நான் பதினோரு வருஷம் ஒரு காஸ்டிக் சோடா ஃபேக்டரில வேலை பாத்தவன். உப்புத் தண்ணிக்குள்ள கரண்ட் விட்டா ஒரு பக்கம் குளோரின் வரும், இன்னொரு பக்கம் காஸ்டிக்கும் ஹைட்ரஜனும் வரும். அந்த ஹைட்ரஜனை அமுக்கி சிலிண்டர்ல அடைக்கிற செக்ஷன்லதான் பாதி சர்வீஸ் போச்சு. ஹைட்ரஜன் காருக்குள்ள கரண்ட் உண்டாக்குற ஃப்யூயல் செல்லுல இருக்குற மெம்பரேனும், உப்புத் தண்ணிக்கு கரண்ட் விடுற எங்க செல் ஹவுஸ்ல இருந்த மெம்பரேனும் ஒரே குடும்பம்தான், ரெண்டுமே ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் தாள். அதனால 2014 டிசம்பர்ல டொயோட்டா ஜப்பான்ல மிராய் காரை விட்டப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். மிராய்னா ஜப்பான் மொழியில எதிர்காலம்னு அர்த்தம். நாம தினமும் கையாளுற கேஸ்ல ஒரு கார் ஓடுது, பின்னாடி தண்ணி மட்டும்தான் சொட்டுதுன்னு நைட் ஷிஃப்ட்ல எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். ஹைட்ரஜனை பிடிக்காத ஆள் இல்ல நான். பிடிச்சதாலதான் சொல்றேன், அதை காருக்குள்ள ஊத்துறது வீண்.

ஒரு விஷயத்தை தெளிவு பண்ணிடலாம், ஏன்னா நிறைய பேருக்கு இதுலயே குழப்பம் இருக்கு. ஹைட்ரஜன் கார்னா பெட்ரோலுக்கு பதிலா ஹைட்ரஜனை எஞ்சின்ல எரிக்கிறதுன்னு நெனக்கிறாங்க. அப்படியும் ஒரு வகை இருக்கு, ஆனா மிராய், ஹூண்டாய் நெக்ஸோ எல்லாம் அது இல்ல. அதுல ஓடுறது மின்சார மோட்டார்தான். டேங்குல இருந்து வர்ற ஹைட்ரஜனும் காத்துல இருக்குற ஆக்சிஜனும் ஃப்யூயல் செல்லுக்குள்ள சேருது. மெல்லிசான மெம்பரேன், அதோட ரெண்டு பக்கமும் பிளாட்டினம் பூச்சு, ஹைட்ரஜன்ல இருந்து எலக்ட்ரான் பிரிஞ்சு வெளிய ஒயர் வழியா சுத்திட்டு வருது, அந்த ஓட்டம்தான் கரண்ட், கடைசில மிஞ்சுறது தண்ணி. ஆக அதுவும் எலக்ட்ரிக் வண்டிதான், ஒரு சின்ன பேட்டரி கூட அதுக்குள்ள இருக்கு. கரண்டை பேட்டரில சேத்து வச்சு கொண்டு போறதா, இல்ல ஹைட்ரஜனா மாத்தி டேங்குல கொண்டு போய் வண்டிக்குள்ளயே திரும்ப கரண்ட் ஆக்குறதா, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஃப்யூயல் செல் ஒண்ணும் புதுசு இல்ல. வில்லியம் க்ரோவ்னு ஒருத்தர் 1840 வாக்குலயே செஞ்சு காட்டிட்டார். அப்பல்லோ விண்கலத்துக்கு கரண்ட் குடுத்ததே ஃப்யூயல் செல்தான், அதுல வந்த தண்ணியைத்தான் அவங்க குடிச்சாங்க. நம்ம இஸ்ரோவும் 2024 ஜனவரி 1 அன்னைக்கு அனுப்பின பிஎஸ்எல்வி சி58 ராக்கெட்ல ஒரு சின்ன ஃப்யூயல் செல்லை மேல கொண்டு போய் ஓட்டிப் பாத்தாங்க. காரைக்குடில இருக்குற செக்ரில, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, பேட்டரி, ஃப்யூயல் செல் ரெண்டுலயுமே பல வருஷமா ஆராய்ச்சி நடக்குது, அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து வந்த இடம் அது. டெக்னாலஜியில எந்தக் குறையும் இல்ல. கஷ்டம் முழுக்க அந்த கேஸை உண்டாக்குறதுலயும் அமுக்குறதுலயும் தூக்கிட்டு போறதுலயும்தான்.

தண்ணியில ஓடும் காருக்கு வரேன். ஹைட்ரஜன் எரிஞ்சு முடிஞ்சா என்ன மிஞ்சுமோ அதுதான் தண்ணி. விறகு எரிஞ்சா சாம்பல் மாதிரி, தண்ணிங்கிறது ஹைட்ரஜனோட சாம்பல். சாம்பலை அடுப்புல போட்டு சோறு ஆக்க முடியாது. அதை திரும்ப விறகாக்கணும்னா வெளிய இருந்து சக்தி குடுத்தே ஆகணும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள்ள இருக்குற சக்தி சுமார் 33 யூனிட். அந்த ஒரு கிலோவை தண்ணில இருந்து பிரிக்கிறதுக்கு பிளான்ட்ல நிஜமா ஆகுற கரண்ட் 50ல இருந்து 55 யூனிட் வரைக்கும். அப்புறம் காருக்கு போடணும்னா 700 பாருக்கு, அதாவது சாதா காத்தழுத்தத்தை விட சுமார் 700 மடங்குக்கு, அமுக்கணும், வேகமா நிரப்பும்போது டேங்க் சூடேறும்னு கேஸை முன்னாடியே மைனஸ் 40 டிகிரிக்கு கிட்ட குளிர வைக்கணும், இதுக்கெல்லாம் சேத்தா கிலோவுக்கு 60 யூனிட்னு வைக்கலாம்.

மச்சினன்கிட்ட காலண்டர் தாளை கிழிச்சு பின்பக்கம் எழுதிக் காட்டினது இதுதான். 60 யூனிட் கரண்ட் நம்மகிட்ட இருக்கு. அதை ஹைட்ரஜனா மாத்தினா ஒரு கிலோ. ரெண்டாவது மாடல் மிராய்ல 5.6 கிலோ பிடிக்கும், அமெரிக்க அரசு டெஸ்ட்ல ஃபுல் டேங்குக்கு 647 கிலோமீட்டர், அப்ப கிலோவுக்கு சுமார் 115 கிலோமீட்டர். அதே 60 யூனிட்டை என் காருக்கு நேரா சார்ஜ் போட்டா, சார்ஜிங்ல போற பத்து சதவீதம் போக 54 யூனிட் பேட்டரில ஏறும், எனக்கு ஏசியோட யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கிட்ட குடுக்குது, அப்ப 370 கிலோமீட்டர் தாண்டும். மிராய் என் காரை விட பெரிய வண்டி, அதனால அதே சைஸ் பேட்டரி காரை எடுத்து யூனிட்டுக்கு அஞ்சு கிலோமீட்டர்னு போட்டாலும் 270 வருது. எப்படி திருப்பிப் போட்டாலும் ரெண்டே கால் மடங்குல இருந்து மூணே கால் மடங்கு.

யூனிட் எட்டு ரூபான்னு வைங்க. 60 யூனிட்டுக்கு 480 ரூபா. பேட்டரி காருக்கு கிலோமீட்டருக்கு ஒண்ணே கால்ல இருந்து ஒண்ணே முக்கால் ரூபா. ஹைட்ரஜனுக்கு கரண்ட் செலவே நாலு ரூபாய்க்கு மேல, அதுல இன்னும் தண்ணியைப் பிரிக்கிற மெஷினான எலக்ட்ரோலைசர் வெலை, கம்ப்ரஸர், டேங்கர் வாடகை, பங்க் போட்டவன் லாபம் எதுவும் சேரல. மச்சினன் அந்த தாளை வாங்கி ரெண்டு தடவ கூட்டிப் பாத்தான். லாரிக்காரனுக்கு கிலோமீட்டர் கணக்கு சொல்லித் தர வேண்டாம், உடனே புரிஞ்சிடுச்சு.

இதுல கார்பன் கணக்கு இன்னும் மோசம். நம்ம நாட்டு கிரிட்ல இன்னும் நிலக்கரிதான் பெரும்பங்கு, ஒரு யூனிட்டுக்கு சராசரியா 700 கிராமுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வருதுன்னு மத்திய மின்சார ஆணையமே சொல்லுது. அந்த கரண்ட்ல பேட்டரி கார் ஓட்டினா கிலோமீட்டருக்கு சுமார் 115 கிராம், நல்ல பெட்ரோல் காரோட புகையை விட கொஞ்சம் கம்மி, கிரிட் சுத்தமாக ஆக இன்னும் குறையும். அதே கரண்ட்ல ஹைட்ரஜன் தயார் பண்ணி மிராய் ஓட்டினா 370 கிராம் தாண்டுது. பெட்ரோல் காரே தேவலைன்னு ஆயிடும். இன்னைக்கு உலகத்துல இருக்குற ஹைட்ரஜன் பெரும்பாலும் தண்ணில இருந்து வர்றதும் இல்ல, இயற்கை எரிவாயுல இருந்தும் நிலக்கரில இருந்தும்தான் எடுக்குறாங்க. எரிவாயுல இருந்து எடுத்தா ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது. பின்னாடி சொட்டுற தண்ணியை மட்டும் பாத்தா இதெல்லாம் கண்ணுக்கு தெரியாது.

சரி, என் செக்ஷனுக்கு வரேன், இதைத்தான் எந்த வீடியோலயும் யாரும் காட்ட மாட்டேங்குறாங்க.

சிவப்பு பெயிண்ட் அடிச்ச சிலிண்டர், ஆள் உயரத்துக்கு கொஞ்சம் கம்மி, வெறும் சிலிண்டரே அறுபது கிலோ கிட்ட இருக்கும். சாய்ச்சு அடிப்பக்கத்தை உருட்டி உருட்டித்தான் நகர்த்துவோம், புதுசா வர்ற பையன் முதல் வாரத்துல விரலை நசுக்கிக்காம இருந்தா அதிசயம். அதை 150 பாருக்கு நிரப்பினா உள்ள போறது ஏழு கன மீட்டர் கேஸ். எடை போட்டா அறுநூறு கிராம் சொச்சம். அறுபது கிலோ இரும்பு தூக்குறது அறுநூறு கிராம் சரக்கை. ஒரு லாரி நிறைய சிலிண்டர் ஏத்தி அனுப்பினா அதுல ஹைட்ரஜன் ஒரு மூட்டை அரிசி அளவுக்குத்தான் இருக்கும், மத்ததெல்லாம் இரும்பை ஊர் சுத்தி காட்டிட்டு வர்றதுதான். காருல வர்றது இரும்பு டேங்க் இல்ல, கார்பன் ஃபைபர் சுத்தின டேங்க், அது எடை ரொம்ப கம்மி, நியாயமா சொல்லணும்னா எடை விஷயத்துல ஹைட்ரஜன் பேட்டரியை ஜெயிக்கிறதே அதனாலதான். ஆனா கார்பன் ஃபைபர் வெலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கு.

ரெகுலேட்டர் மாட்டும்போது இடது மரை, சாதா நட்டு மாதிரி திருப்பினா லூஸ் ஆகும், தப்பி ஆக்சிஜன் ரெகுலேட்டரை யாரும் மாட்டிடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. மாட்டின உடனே ஜாயின்ட் மேல சோப்புத் தண்ணி. கொப்புளம் வருதான்னு குனிஞ்சு உத்துப் பாக்கணும், ஏன்னா இது உலகத்துலயே சின்ன மூலக்கூறு, மத்த கேஸுக்கு டைட்டா இருக்குற ஜாயின்ட்ல இது வெளிய வந்துடும். வாசனை இல்ல, நிறம் இல்ல. பத்திக்கிட்டா பகல்ல தீயே தெரியாது. எங்க பழைய ஃபோர்மேன் மதிய வெயில்ல லைன் பாக்கப் போகும்போது தென்ன ஈர்க்கு வெளக்குமாறை முன்னாடி நீட்டிப் பிடிச்சுக்கிட்டேதான் நடப்பார். நான் சேந்த புதுசுல எதுக்கு இதுன்னு புரியல. ஒரு நாள் கேஸை வெளிய விடுற வென்ட் லைன் கிட்ட போறப்ப அவர் கையில இருந்த வெளக்குமாறு நுனி சடசடன்னு கருகிச்சு. அங்க எனக்கு எதுவுமே தெரியல, லேசா காத்து நடுங்குற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா என் முகம். அவர் ஒண்ணும் பேசாம வால்வை மூடச் சொல்லி கை காட்டினார், மூடின பிறகுதான் என் கால் நடுங்க ஆரம்பிச்சுது. பதினஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த கருகின வாசனை நினைவுல இருக்கு.

இதுக்காக ஹைட்ரஜன் ஆபத்து, கிட்ட போகாதீங்கன்னு சொல்ல வரல. ஒழுங்கா பழகின ஆளுங்க கையில அது பத்திரமான கேஸ்தான், லேசா இருக்குறதால கசிஞ்சாலும் வேகமா மேல போயிடும். நம்ம மகேந்திரகிரில இஸ்ரோ ஆளுங்க மைனஸ் 253 டிகிரில திரவ ஹைட்ரஜனையே வச்சு கிரையோஜெனிக் எஞ்சினை சோதிக்கிறாங்க, அவ்வளவு ஒழுங்கா. நான் கேக்குறது என்னன்னா, நம்ம ஊர் பைபாஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கத்துல இருக்குற பையன் கையில 700 பார் நாஸிலை குடுத்தா அந்த ஒழுங்கு இருக்குமா? நார்வேல, அவ்வளவு கட்டுப்பாடான நாட்டுல, 2019 ஜூன்ல ஆஸ்லோ பக்கம் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடிச்சுது. விசாரிச்சுப் பாத்தா டேங்குல ஒரு பிளக்கோட போல்ட்டை சரியா டைட் பண்ணலன்னு தெரிஞ்சுது.

அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுலதான் இந்த கார்களை நிஜமா மக்கள்கிட்ட வித்துப் பாத்தாங்க. டொயோட்டா காரோட சேத்து 15,000 டாலருக்கு ஃப்யூயல் கார்டே குடுத்துச்சு. அந்த கார்டு தீந்த பிறகு ஜனங்க சொந்தக் காசுல போடணும், அந்த நேரம் பாத்து கிலோ 36 டாலர் வரைக்கும் ஏறிடுச்சு, ஃபுல் டேங்க் 200 டாலர். பம்ப் ரிப்பேர், நாஸில் காரோட சேந்து ஒறஞ்சு போய் பிடுங்க முடியாம நிக்கிறது, கியூ, இதெல்லாம் தினசரி கதை. 2024 பிப்ரவரில ஷெல் கம்பெனி அங்க இருந்த தன்னோட கார் ஹைட்ரஜன் பங்க்கை எல்லாம் மூடுச்சு. காரை வாங்கினவங்க நல்லெண்ணத்துலதான் வாங்கினாங்க, அவங்களை நெனச்சா எனக்கு கஷ்டமா இருக்கு. வண்டியில ஒரு பழுதும் இல்ல, ஊத்துறதுக்கு பக்கத்துல இடம் இல்ல. இங்க நம்ம ஊர்லயும் 2022 மார்ச் 30 அன்னைக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் கட்கரி மிராய் கார்லயே பார்லிமென்ட்டுக்கு வந்து இறங்கினார், நாடே பாத்துச்சு. அதுக்கப்புறம் நாம போய் வாங்குற மாதிரி ஒரு ஹைட்ரஜன் கார் நம்ம ஷோரூம் எதுலயும் வந்து நிக்கல.

பேட்டரியில குறையே இல்லையான்னு மச்சினன் விடல. இருக்கு. 2022 மார்ச்சுல வேலூர்ல சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் ராத்திரி எரிஞ்சு ஒரு அப்பாவும் மகளும் செத்துப் போனாங்க, அதை நெனக்காம நான் ஒரு நாளும் சார்ஜர் பிளக்கை சொருகுனதில்ல. அந்த வருஷம் வரிசையா ஸ்கூட்டர்ங்க எரிஞ்ச பிறகுதான் பேட்டரி டெஸ்ட் விதிகளை கடுமையாக்கினாங்க. இப்ப நிறைய கார்ல வர்ற எல்எஃப்பி பேட்டரி, அதாவது இரும்பு பாஸ்பேட் வகை, பழைய நிக்கல் வகை மாதிரி சீக்கிரம் சூடேறி பத்திக்காது, கோபால்ட்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம். என் சொந்த அனுபவத்துல ரொம்ப படுத்தினது ரோட்டோர சார்ஜர்தான். போன வருஷம் மே மாசம் குடும்பத்தோட தென்காசி போயிட்டு வரும்போது மதுரை தாண்டி ஒரு இடத்துல ஆப்ல சார்ஜர் வேலை செய்யுதுன்னு காட்டுச்சு, போனா ஸ்க்ரீன் செத்துக் கிடக்கு, கஸ்டமர் கேர்ல இந்தி மட்டும், பசங்க வெயில்ல அழுவுது, பதினாலு சதவீதத்துல ஏசியை அணைச்சுட்டு அடுத்த ஊருக்கு ஊர்ந்து போனோம். அந்த ஒண்ணரை மணி நேரம் கோபம் கோபமா வந்துச்சு. அப்பார்ட்மென்ட்ல இருக்குறவங்களுக்கு பார்க்கிங்ல ஒரு பாயின்ட் போட அசோசியேஷன்காரங்க படுத்துற பாடு தனி.

ஆனா இந்தக் குறை எல்லாம் ஆளும் காசும் வச்சா சரியாகுற குறை. சார்ஜர் ரிப்பேரா, ரிப்பேர் பண்ணலாம், இன்னொண்ணு வைக்கலாம், வீட்டுல பாயின்ட் இருக்கு. பேட்டரி வெலையையே பாருங்க, 2010ல ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல இருந்தது 2024ல உலக சராசரி 115 டாலர். ஹைட்ரஜன்ல இருக்குற குறை அப்படி இல்ல, ரெண்டு தடவ மாத்துறப்ப போற சக்தி போனதுதான். எலக்ட்ரோலைசரை எவ்வளவு நல்லா செஞ்சாலும் 33 யூனிட்டுக்கு கீழ கரண்ட் குடுத்து ஒரு கிலோ எடுக்கவே முடியாது, வண்டிக்குள்ள ஃப்யூயல் செல்லுலயும் அதுல பாதி கிட்ட சூடா வெளிய போகும்.

மிச்சம் இருக்குறது அவனோட நிஜமான கவலை, லாரி. "கார் கெடக்கட்டும் மாமா, லாரிக்கு என்ன?" இதுக்கு காருக்கு சொன்ன மாதிரி பட்டுனு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா இங்கதான் ஹைட்ரஜன் பக்கத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு. 49 டன் ட்ரெய்லர் லோடோட கிலோமீட்டருக்கு ஒண்ணே கால் யூனிட்டுக்கு மேல தின்னும். நாமக்கல்ல இருந்து மும்பை பக்கம் போற வண்டி ஒரே மூச்சுல 500 கிலோமீட்டர் போகணும்னா 650 யூனிட் பேட்டரி வேணும், அதோட எடை மட்டும் நாலு டன். எஞ்சின், கியர் பாக்ஸ், டீசல் டேங்க் எடுத்தா ஒரு டன் சொச்சம் திரும்ப வரும், ஆனாலும் மூணு டன் சரக்கு போச்சு. டன் கணக்குல வாடகை வாங்குறவனுக்கு அது ஒவ்வொரு ட்ரிப்புலயும் நஷ்டம். ஹைட்ரஜன்னா 45 கிலோ கேஸ் போதும், பதினஞ்சு இருபது நிமிஷத்துல நிரப்பலாம். ஹூண்டாயோட ஃப்யூயல் செல் லாரிங்க சுவிட்சர்லாந்துல 2020ல இருந்து நிஜமாவே சரக்கு ஏத்தி ஓடிட்டு இருக்கு. நம்ம நாட்டுலயும் 2025 மார்ச்சுல மத்திய அரசு 37 பஸ், லாரியும் ஒன்பது பங்க்கும் வச்சு சோதனை ஆரம்பிச்சிருக்கு.

ஆனா 45 கிலோ ஹைட்ரஜனுக்கு பின்னாடி 2,700 யூனிட் கரண்ட் இருக்கு, அதே தூரத்தை பேட்டரி லாரி 750 யூனிட்ல முடிச்சிடும். லாரி தொழில்ல டீசல்தான் பெரிய செலவு, எரிபொருள் செலவுல மூணு மடங்கு வித்தியாசம் இருந்தா மூணு டன் சரக்கு நஷ்டத்தை அது முழுங்கிடும். அமெரிக்காவுல ஹைட்ரஜன் லாரி செஞ்ச நிக்கோலா கம்பெனி 2025 பிப்ரவரில திவால் மனு போட்டுச்சு. அதுக்கு மேல ஒரு விஷயம், எல்லா லாரியும் மும்பை போறதில்ல. மச்சினனோட மூணு வண்டில ஒண்ணு சங்ககிரில சிமெண்ட் ஏத்தி சுத்துப்பட்டு ஊருக்குத்தான் அடிக்குது, ஒரு நாளைக்கு 150, 180 கிலோமீட்டர், ராத்திரி ஷெட்டுல சும்மா நிக்குது. இன்னொண்ணு தூத்துக்குடி ஹார்பர் ட்ரிப், ஒரு பக்கம் 300 கிலோமீட்டர் கிட்ட, அங்க லோடுக்கு அரை நாள் காத்துக்கெடக்கு. அந்த காத்துக்கெடக்குற நேரத்துல சார்ஜ் ஏறாதா? சைனாவுல சுரங்கம், துறைமுகம், இரும்பு ஆலைனு பேட்டரியை கழட்டி மாத்துற லாரிங்க ஆயிரக்கணக்குல ஓடுது. நம்ம அரசும் 2025 ஜூலைல பேட்டரி லாரிக்கு ஒரு வண்டிக்கு 9.6 லட்சம் வரைக்கும் மானியம் அறிவிச்சுது, பழைய லாரியை ஸ்க்ராப்புக்கு குடுக்கணும்ங்கிற கண்டிஷனோட. இருந்தாலும் அவன்கிட்ட நான் இப்பவே பேட்டரி லாரி வாங்குன்னு சொல்லல. வண்டி வெலை டீசல் வண்டியை விட ரொம்ப அதிகம், பைனான்ஸ்காரன் முகத்தை சுளிக்கிறான், ஹார்பர்ல லாரிக்குன்னு சார்ஜர் ஒழுங்கா வரணும். சிமெண்ட் வண்டி ஆயுசு முடியும்போது யோசின்னு மட்டும் சொன்னேன்.

அப்ப ஹைட்ரஜனுக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு, ரொம்ப பெரிய வேலை இருக்கு, அதை நெனச்சுத்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம். யூரியாவுக்கு அம்மோனியா வேணும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேணும், வேற வழியே கிடையாது. ரிஃபைனரில டீசல்ல இருந்து கந்தகத்தை எடுக்க ஹைட்ரஜன் வேணும். இரும்புத் தாதுல இருந்து நிலக்கரி இல்லாம இரும்பு எடுக்கணும்னா ஹைட்ரஜன். இந்தியா இப்பவே வருஷத்துக்கு அம்பது லட்சம் டன்னுக்கு மேல ஹைட்ரஜனை இந்த வேலைக்கெல்லாம் செலவு பண்ணுது, கிட்டத்தட்ட எல்லாமே எரிவாயுல இருந்து வர்ற அழுக்கு ஹைட்ரஜன். 2023 ஜனவரில மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய்க்கு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு, 2030க்குள்ள வருஷத்துக்கு 50 லட்சம் டன்னுங்கிறது இலக்கு. அந்த இலக்கு முழுசா நிறைவேறினாலும் அது இப்ப இருக்குற உர ஆலைக்கும் ரிஃபைனரிக்குமே சரியா போயிடும். அப்படி கஷ்டப்பட்டு எடுக்குற சுத்தமான கேஸை, பேட்டரி நல்லா செய்யுற ஒரு வேலைக்கு எடுத்து மூணு மடங்கு கரண்டை வீணடிக்கிறது, காவிரித் தண்ணியை டேங்கர்ல கொண்டு வந்து ரோடு கழுவுற மாதிரி.

முப்பந்தல், கயத்தாறு பக்கம் ஆடி மாசக் காத்துல காத்தாடி சுத்தி கரண்ட் மிஞ்சிப் போய் சில நேரம் நிறுத்தி வைக்கிறாங்களே, அந்த மிச்சத்துல ஹைட்ரஜன் எடுக்கலாமேன்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார். எடுக்கலாம். ஆனா எலக்ட்ரோலைசர் வெலை அதிகம், வருஷத்துல சில மாசம் மட்டும் ஓட்டினா போட்ட காசு எடுக்க முடியாது, எங்க செல் ஹவுஸையே அடிக்கடி நிறுத்தி எடுத்தா மெம்பரேன் சீக்கிரம் போயிடும்னு மேனேஜருங்க கரண்ட் கட்டுக்கு அவ்வளவு பயப்படுவாங்க. எடுக்குற கேஸுக்கு தூத்துக்குடிலயே உர ஆலையும் துறைமுகமும் பக்கத்துல இருக்கு, அங்கயே குடுத்தா தூக்கிட்டு அலைய வேண்டாம்.

ரயிலைப் பத்தி ஒரு வரி. நம்ம பெரம்பூர் ரயில் பெட்டி தொழிற்சாலை ஐசிஎஃப்ல ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலைல சோதிச்சுப் பாத்தாங்க, ஹரியானாவுல ஜிந்த் சோனிபட் பாதைக்காக செஞ்சது. நம்ம ஆளுங்க கை வேலைங்கிறதுல எனக்கு பெருமைதான். ஆனா அகல ரயில் பாதை கிட்டத்தட்ட முழுசும் ஏற்கனவே மின்சாரமாயிடுச்சு, மேல ஒயர் இருக்குற இடத்துல கேஸ் எதுக்கு? ஒயர் போட முடியாத மலைப் பாதைக்கு வேணா பாக்கலாம். ஜெர்மனில முதல் முதலா ஹைட்ரஜன் ரயில் விட்ட லோயர் சாக்சனி மாநிலமே அடுத்து வாங்குறது பேட்டரி ரயில்தான்னு 2023ல சொல்லிடுச்சு. லடாக்ல லே மாதிரி குளிரும் மலையுமா இருக்குற இடத்துல மத்திய அரசு மின் கம்பெனியான என்டிபிசி ஹைட்ரஜன் பஸ் ஓட்டிப் பாக்குறாங்க, அது ஓடட்டும், அங்க கத்துக்கிறது நாளைக்கு கப்பலுக்கோ வேற எதுக்கோ உதவும். சென்னைல வியாசர்பாடி டெப்போல இருந்து 2025 ஜூன் 30ல 120 பேட்டரி பஸ் விட்டாங்களே, நான் போன மாசம் அதுல போனேன், பக்கத்து சீட்டு அம்மா செல்போன்ல மெதுவா பேசுறது கூட கேக்குது, பஸ்ல அப்படி ஒரு அமைதியை நான் பாத்ததே இல்ல.

மச்சினன் சாயங்காலம் கிளம்புறப்ப காலண்டர் தாளை மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டான், அவங்க லாரி ஓனர் சங்கத்துல காட்டணுமாம். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி பேட்டரி காரே புக் பண்ணிட்டேன் மாமான்னான். நேத்து அவன் வீட்டுக்கு போய் போர்ட்டிகோல சார்ஜிங் பாயின்ட் வைக்கிற இடத்தைப் பாத்தேன். எர்த்தோட தடையை (ரெசிஸ்டன்ஸ்) அளந்தா ரொம்ப அதிகமா காட்டுது, பழைய எர்த் குழி காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. தனியா புது குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு தண்ணி ஊத்தி வைக்கச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை எலக்ட்ரீஷியனோட போய் திரும்ப அளக்கணும், அது சரியாகாம பிளக்கை சொருகக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டு வந்திருக்கேன்.